பிள்ளைக்குத் தலை நின்றுவிட்டதா?

கைக்குழந்தையோடு யார் எதிர்ப்பட்டாலும் எங்கள் வேப்பந்தட்டைப் பக்கத்துப் பெரியவர்கள் முதலில் கேட்பது, "பிள்ளைக்குத் தலை நின்னுடுச்சா?" என்றுதான். நாலைந்து மாதமாகியும் நிற்கவில்லை என்றால், "உரம் விழுந்திருக்கும், சேலையில போட்டு உருட்டினா சரியாப்போயிடும்" என்று கைவைத்தியம் ஆரம்பமாகிவிடும். முக்கால்வாசிப் பிள்ளைகள் தாமதித்தாவது தேறிவிடும். தேறாத சில பிள்ளைகளைப் பற்றித்தான் சகோதரிகளோடு பேச வந்தேன்.

எங்கள் உறவில் ஒரு பெண். தாய்மாமனையே கட்டிக்கொண்டவள். அவள் குழந்தை முகம் பார்த்து அழகாகச் சிரிப்பாள். கண் துறுதுறுவென்று இருக்கும். ஆனால் கால்கள் தவளைக்கால் மாதிரி விரிந்தே கிடக்கும், உதைக்க மாட்டாள். பால் குடிக்கத் திணறுவாள். அழுதால் அடுத்த அறைக்குக் கேட்காது. மூச்சு விடும்போது நெஞ்சு உள்ளே போய் வயிறு மட்டும் ஏறி இறங்கும். உரம் எடுத்தே இரண்டு மாதம் போயிற்று. பிறகு ரத்தப் பரிசோதனை செய்து டாக்டரம்மா சொன்ன பெயர், 'ஸ்பைனல் மஸ்குலர் அட்ராஃபி'. ஒரு வயது முடியுமுன் குழந்தை போய்விட்டாள். இது நடந்து ஏழெட்டு வருஷமாகிறது.

"மசக்கையிலே இவ சரியாச் சாப்பிடலை, அதான்" என்று மாமியார் சொன்னதை என்னால் பொறுக்க முடியவில்லை. டாக்டரம்மாவிடமே விவரம் கேட்டேன்.

முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடத்தில் மோட்டார் நியூரான் என்ற நரம்பு செல்கள் இருக்கின்றன. கை, கால், மூச்சுத் தசைகளுக்குக் கட்டளை போவது இவற்றின் வழியாகத்தான். இவை உயிரோடிருக்க எஸ்.எம்.என். என்ற புரதம் தேவை. பருப்பிலும் முட்டையிலும் வருகிற புரதம் அல்ல இது. உடம்பு தானே செய்துகொள்வது. செய்யச் சொல்லும் மரபணுவை 1995ல் பிரான்ஸில் ஜூடித் மெல்கி என்ற பெண்மணியின் குழு கண்டுபிடித்தது. அதே மாதிரி இன்னொரு மரபணுவும் நம்மிடம் உண்டு. ஆனால் அது தருகிற நல்ல புரதம் பத்தில் ஒரு பங்குதான், கைக்குழந்தைக்குப் போதாது.

குறையுள்ள மரபணு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டும் சேர்ந்தால்தான் நோய் வரும். ஒன்று மட்டும் இருப்பவருக்கு ஒரு தொந்தரவும் இராது. ஏறக்குறைய ஐம்பது பேரில் ஒருவர் இப்படித்தான் நடமாடுகிறார். அந்நியத்திலும் நேரலாம், சொந்தத்தில் கட்டும்போது வாய்ப்பு கூடும். மாமியாரிடம் இதைச் சொன்னேன். "அப்ப என் பிள்ளையும் பொறுப்பா?" என்றார். பாதிப் பொறுப்புதான், சந்தேகமென்ன!

இன்னொரு புரதமும் இதில் சாட்சி சொல்கிறது. நரம்பு சிதையும்போது 'நியூரோஃபிலமென்ட்' என்ற நார்ப்புரதம் ரத்தத்தில் கலக்கிறது. வழியெல்லாம் பஞ்சு கிடந்தால் பருத்தி மூட்டை கிழிந்திருக்கிறது என்று எங்கள் ஊரில் தெரிந்துகொள்வோமே, அப்படி. இந்நோய் கண்ட குழந்தைகளுக்கு அது மிகவும் ஏறியிருப்பதையும், மருந்து கொடுத்த பின் இறங்குவதையும் ஆராய்ச்சியாளர்கள் பார்த்திருக்கிறார்கள். பெரியவர்களுக்கு வரும் மோட்டார் நியூரான் நோயிலும் இது ஏறுகிறது.

செத்த நரம்பு திரும்பாது. அதனால் மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு பலன். ஒரே தடவை போடும் மரபணு மருந்தின் விலை 16 கோடி என்று கேட்டு மலைத்தவர்கள் நாம். இரண்டாவது மரபணுவை அதிகப் புரதம் செய்யவைக்கும் ரிஸ்டிப்ளாம் என்ற வாய்வழி மருந்து 2021ல் இந்தியாவுக்கு வந்தது. புட்டி சுமார் 6 லட்சம். 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தடை விதிக்க மறுத்த பிறகு, இந்தியக் கம்பெனி ஒன்று அதையே 15,900 ரூபாய் விலையில் கொண்டுவந்தது. மாதாமாதம் என்றால் அதுவும் பலருக்குப் பாரம்தான். ஆனாலும் நகையை வைத்தாவது எட்டிப்பார்க்கக்கூடிய தொகை.

முதல் குழந்தைக்கு இந்நோய் இருந்தால், அடுத்தடுத்த ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அந்தப் பரிசோதனைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். நாள் தள்ளிப்போன உடனே டாக்டரிடம் காட்டுங்கள். பதினொன்றாவது வாரத்துக்கு மேல் நஞ்சுத் திசுவில் துளி எடுத்துப் பார்த்துவிடலாம். வளைகாப்பு முடித்துப் போய்க் கேட்டால் நேரம் கடந்திருக்கும்.