அச்சகத்தில் பேசும் பாஷை!

கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. அடுத்த வேலை பத்திரிகை அடிப்பது. அச்சகத்துக்குப் போனால், அங்கே பேசும் பாஷையே தனி!

"எத்தனை ஜி.எஸ்.எம்.? பிளீட் விடலாமா? புரூப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்!" என்பார்கள். புரியாமல் தலையை ஆட்டினால், நஷ்டம் கல்யாண வீட்டாருக்குத்தான். ஆகவே சில வார்த்தைகளைத் தெரிந்துகொள்வது நல்லது.

காகிதத்தின் எடை

ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள காகிதம் எத்தனை கிராம் எடை இருக்கிறதோ, அதுதான் அதன் ஜி.எஸ்.எம். ஜெராக்ஸ் எடுக்கும் காகிதம் பெரும்பாலும் 70 முதல் 80 வரை இருக்கும். கெட்டியான அழைப்பிதழ் அட்டை 250, 300 என்று இருக்கும்.

500 தாள் சேர்ந்தது ஒரு ரீம். 80 ஜி.எஸ்.எம். உள்ள ஏ-4 காகிதம் ஒரு ரீம் ஏறக்குறைய இரண்டரை கிலோ எடை இருக்கும்.

எண்ணெயும் தண்ணீரும்

'ஆப்செட்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. ஜெர்மனியில் அலாய்ஸ் செனபெல்டர் என்ற நாடக ஆசிரியர் இருந்தார். தம் நாடகங்களைக் குறைந்த செலவில் அச்சிட வழி தேடினார். 1796-ம் ஆண்டுவாக்கில் கல்லின் மேல் எண்ணெய்ப் பசையால் எழுதி, கல்லை நனைத்து, மை தடவினார். எழுத்தில் மட்டும் மை ஒட்டியது. ஈரமான இடத்தில் ஒட்டவில்லை!

இன்று கல்லுக்குப் பதிலாக மெல்லிய அலுமினியத் தகடு இருக்கிறது. அதுதான் 'பிளேட்.' மை பிளேட்டிலிருந்து ரப்பர் உருளைக்குப் போய், அதன் பிறகே காகிதத்தில் பதிகிறது. இதுவே ஆப்செட்.

100 பிரதி அடித்தாலும் 1,000 பிரதி அடித்தாலும் பிளேட் செலவு ஒன்றுதான். அதனால்தான் பிரதி கூடக்கூட, ஒன்றின் விலை குறைகிறது. கொஞ்சம் பிரதிகள் போதுமென்றால், பிளேட்டே தேவைப்படாத 'டிஜிட்டல்' அச்சு மலிவாக முடியும்.

நான்கே மை

காலண்டர் படத்தில் எத்தனையோ வண்ணங்கள் தெரிகின்றன. ஆனால் வழக்கமாக அதில் இருப்பவை நான்கே மைகள்: வெளிர் நீலம், 'மெஜந்தா' என்ற ரோஜாச் சிவப்பு, மஞ்சள், கறுப்பு. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஒவ்வொரு மைக்கும் ஒரு பிளேட் உண்டு. நான்கும் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்துவதற்கு 'ரிஜிஸ்டர்' என்று பெயர். அது விலகினால் படத்தின் ஓரம் இரட்டையாகத் தெரியும்.

கைப்பேசித் திரை ஒளியால் வண்ணம் காட்டுகிறது. காகிதம் மையால் காட்டுகிறது. ஆகவே திரையில் பளிச்சென்று தெரிந்த நிறம், காகிதத்தில் சற்று மங்கலாம்.

ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு

வண்ணம் விளிம்புவரை வர வேண்டுமானால், வெட்டும் கோட்டுக்கு வெளியேயும் சுமார் 3 மில்லிமீட்டர் வண்ணம் விட வேண்டும். அதுதான் 'பிளீட்.' விடாவிட்டால், கத்தி இம்மி விலகினாலும் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழும்.

கையெழுத்துக்கு முன்

எல்லாவற்றிலும் முக்கியமானது 'புரூப்.' மொத்தமாக அடிப்பதற்கு முன் பிழை பார்க்கத் தரும் மாதிரிப் பிரதி அது. 'சரி' என்று கையெழுத்துப் போட்ட பிறகு, அதில் விட்டுப்போன பிழைக்குப் பொறுப்பு பொதுவாகக் கொடுத்தவருடையது. முகூர்த்த நேரத்தில் 9 என்பது 6 ஆகிவிட்டால், 1,000 பத்திரிகையும் வீண்!

பள்ளிக்கூடம் போகும் பிள்ளை புரூப்பை உரக்கப் படிக்கட்டும். பெரியவர்கள் முகூர்த்த ஓலையைக் கையில் வைத்துக்கொண்டு தேதி, கிழமை, நேரம், மண்டபம், பெயர் ஐந்தையும் ஒத்துப் பார்க்கட்டும். கால் மணி நேர வேலைதான். அதன் பிறகு கையெழுத்துப் போடலாம்!