தீப்புண்ணும் உடல் இழக்கும் நீரும்

2025ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள், நோன்புப் பெருநாளின் இரண்டாம் காலை, கிள்ளான் பள்ளத்தாக்கைச் சேர்ந்த புத்ரா ஹைட்சில் நிலத்தடி எரிவாயுக் குழாய் தீப்பற்றிப் பெருந்தழல் எழுந்தது. காயமுற்றோர் நூற்றுக்கும் மேற்பட்டோர்; அவருள் தீப்புண் பட்டோர் பலர். இத்தகைய வேளையில் நம் கண் வெந்த தோலையே காணும். மருத்துவரின் கவலையோ தோலுக்கு உள்ளே நிகழும் வேறொன்றைப் பற்றியது.

அஃது யாது? வெந்த தோலில் உண்டாகும் நஞ்சே உயிரைக் கொல்கிறது என்று முன்னாளில் பலர் எண்ணினர். 1921இல் அமெரிக்காவின் நியூஹேவன் நகரில் ஒரு திரையரங்கு எரிந்தது. அங்குப் புண்பட்டோரை ஆராய்ந்த யேல் பல்கலைக்கழக அறிஞர் அண்டர்ஹில், கொப்புளத்தில் ஊறும் நீர் பெரும்பாலும் இரத்தத்தின் நீர்ப்பகுதியே எனக் கண்டார். சூடு பட்டதும் நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர் நெகிழ்கிறது. நீரும் உப்பும் புரதமும் கசிகின்றன. உடலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வெந்தால், வேகாத பகுதியும் வீங்கும். இரத்தம் தடிக்கும், சிறுநீர் சுருங்கும். முதல் ஒரு மணி நேரம் தெளிவாகப் பேசியவர் பின்னர்த் தளர்வது இதனால்தான். பேச்சைக் கேட்டு ஏமாந்துவிடலாகாது.

இழந்த நீரை அளந்து ஈடுசெய்ய, 1968இல் டல்லாஸ் நகர மருத்துவர் பாக்ஸ்டர் ஒரு வாய்பாடு தந்தார்: எடை கிலோ ஒன்றுக்கு, வெந்த பரப்பு நூற்றில் ஒன்றுக்கு, 4 மில்லி லிட்டர். வளர்ந்தவரின் முன்னுடல் 18 பங்கு, ஒரு கை 9 பங்கு. அவ்விரண்டும் வெந்த 60 கிலோ மனிதருக்கு 6480 மில்லி லிட்டர் ஆகும். அதில் பாதி முதல் 8 மணி நேரத்திற்குள் ஏற வேண்டும்.

எப்போதிலிருந்து 8 மணி நேரம்? வெந்த நொடியிலிருந்து. பங்சாரில் காலை 8 மணிக்கு வெந்தவர், கைமருந்து தடவிக் காத்திருந்து 10 மணிக்கு மருத்துவமனை அடைந்தால், எஞ்சுவது 6 மணி நேரமே. வாய்பாடு தொடக்கக் கணக்குத்தான். சிறுநீரின் அளவு கண்டு மருத்துவர் கூட்டுவர், குறைப்பர். மிகை நீரும் நுரையீரலுக்குக் கேடாதலின், இக்காலத்தார் பலர் இதனினும் குறைந்த அளவில் தொடங்குகின்றனர்.

வீட்டார் செய்யத்தக்கது எளிது. ஓடும் குழாய் நீரில் 20 நிமிடம் புண்ணைக் குளிர்வித்தல் வேண்டும். 3 மணி நேரம் வரை இது பயன் தரும். பனிக்கட்டி ஆகாது. பற்பசையும் சோயா கிச்சாப்பும் சமையற்கட்டிலேயே இருக்கட்டும்! பெரும்புண்ணாயின் உடல் குளிர்ந்துவிடாதபடி மற்றப் பகுதியைப் போர்த்தி, தாமதமின்றி மருத்துவமனை சேர்க்க வேண்டும்.

இரண்டொரு நாளில் கசிவு தணிந்தபின் உடல் வேறு வழியில் திரும்புகிறது. இதயம் விரைகிறது, தன் தசையையே கரைத்து எரிக்கிறது. ஆதலால் புரதம் மிக்க உணவு தொடக்கத்திலேயே ஊட்டப்படுகிறது. வெந்த தோலும் சில நாள்களுக்குள் அகற்றப்பட்டு, நல்ல தோல் ஒட்டப்படுகிறது.