வீட்டு ஜன்னலில் பேய் நடனம்!

குடியிருக்கும் வீட்டுக்கு யாராவது பேயைக் கூப்பிடுவார்களா?

கூப்பிடுகிறார்கள்! காசு செலவழித்துக் கூப்பிடுகிறார்கள்!

அமெரிக்காவில் ஆண்டுதோறும் அக்டோபர் 31-ந் தேதி "ஹாலோவீன்" என்ற பண்டிகை வருகிறது. நவம்பர் 1-ந் தேதி கிறிஸ்தவர்களுக்குப் புனிதர் அனைவரின் திருநாள். அதற்கு முந்திய இரவுதான் இந்த ஹாலோவீன். அன்று சிறுவர் சிறுமியர் பேய் வேடமும் பூத வேடமும் போட்டுக்கொண்டு, வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்பார்கள். வாசலில் பூசணிக்காயைக் குடைந்து, கண்ணும் பல்லும் வெட்டி, உள்ளே விளக்கு வைத்திருப்பார்கள்.

இப்போது சிலருக்குப் பூசணிக்காய் மட்டும் போதவில்லை. வீட்டையே சினிமாத் திரை ஆக்கிவிடுகிறார்கள்.

ஜன்னலுக்குப் பின்னால் ஓர் எலும்புக்கூடு நடந்து வருகிறது. நின்று, தெருவைப் பார்த்துப் பல்லை இளிக்கிறது. அடுத்த ஜன்னலில் வெள்ளை உடை உடுத்திய பெண் ஒருத்தி எட்டிப் பார்க்கிறாள். திடீரென்று சுவர் பிளந்து, செங்கல் செங்கலாகச் சரிகிறது! தெருவில் நிற்கும் குழந்தைகள் "வீல்" என்று அலறுகிறார்கள். அடுத்த நிமிடம் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். சுவர் அப்படியே இருக்கிறது. ஒரு செங்கல்கூட விழவில்லை!

அங்கே வேலை பார்க்கும் பேரன் இந்தக் காட்சியைச் செல்போனில் பிடித்து அனுப்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். அரியலூரில் திண்ணையில் உட்கார்ந்து அதைப் பார்க்கும் பாட்டி என்ன சொல்வார்?

"விளக்கு வைக்கிற நேரத்தில் இதென்னடா கூத்து?" என்பார்.

நியாயமான கேள்விதான். ஆனால் பாட்டியின் வீட்டு முகப்பிலும் ஒரு பூசணிக்காய் தொங்கிக்கொண்டிருக்கலாம். அதிலும் உருட்டு விழியும் கோரைப் பல்லும் எழுதியிருக்கும். கண் படாமல் இருக்க நம் ஊரில் கட்டுவது அது. அயர்லாந்துக்காரர்கள் கெட்ட ஆவியை விரட்டுவதாக நினைத்து, டர்னிப் என்ற கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள். அமெரிக்காவில் குடியேறிய பிறகு அவர்களுக்குப் பூசணிக்காய் கிடைத்தது. கடல் இரண்டு பக்கம் இருந்தாலும் எண்ணம் ஒன்றுதான்!

பேய் எங்கே இருக்கிறது?

ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. அந்தப் பெட்டிக்குப் பெயர் புரொஜெக்டர். கல்யாண மண்டபத்தில் மணமக்கள் படத்தைத் திரையில் காட்டுகிறார்களே, அதே கருவிதான். கம்ப்யூட்டரிலோ பென் டிரைவிலோ இருக்கும் வீடியோவை அது வெளிச்சமாக மாற்றி வீசுகிறது.

அப்படியானால் மண்டபத்துத் திரையில் படம் சதுரமாக, சட்டம் போட்டது போலத் தெரிகிறதே, வீட்டுச் சுவரில் மட்டும் பேய் தனியாக நடப்பது எப்படி?

சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. உலகத்தில் எந்த விளக்காலும் கறுப்பு நிறத்தை வீச முடியாது! கறுப்பு என்பது வெளிச்சம் இல்லாத இடம். ஆகவே பேயைக் கன்னங்கரேல் என்ற பின்னணியில் படம் பிடிக்கிறார்கள். கறுப்பு இடத்தில் வெளிச்சம் அநேகமாக விழுவதே இல்லை. பேயின் மேல் மட்டும் விழுகிறது. சட்டம் மறைந்துபோகிறது. பேய் தனியே நடக்கிறது!

சுவர் பிளப்பதற்கு இன்னும் கொஞ்சம் வேலை உண்டு. வீட்டின் முகப்பை முதலில் போட்டோ எடுக்கிறார்கள். கதவு எங்கே, ஜன்னல் எங்கே என்று கம்ப்யூட்டரில் கோடு போட்டுக்கொள்கிறார்கள். அந்தக் கோடுகளை இரவில் வீட்டின் மேலேயே வீசி, ஜன்னல் மேல் ஜன்னல் பொருந்தும்வரை நகர்த்துகிறார்கள். பொருந்திய பிறகு புரொஜெக்டரை யாரும் தொடக்கூடாது. விரல் பட்டால் போதும், எலும்புக்கூடு ஜன்னலை விட்டுவிட்டுச் சுவரில் புகுந்துவிடும்!

இந்த வித்தைக்குப் பெரிய விளம்பரம் தந்த இடம் கலிபோர்னியாவில் உள்ள டிஸ்னிலாந்து. 1969-ம் ஆண்டு அங்கே ஒரு "பேய் மாளிகை" திறந்தார்கள். மாளிகைக்குள் ஐந்து சிலைத் தலைகள் வாய் திறந்து பாடின. பாடகர்களின் முகங்களைப் படம் பிடித்து, அந்தப் படத்தைச் சிலைகளின் முகத்தில் வீசினார்கள். அவ்வளவுதான்!

வெட்கப்பட்ட விஞ்ஞானி

பேயை வெளிச்சத்தில் காட்டும் ஆசை அதைவிட மிகப் பழையது. கிறிஸ்டியான் ஹைஜன்ஸ் என்பவர் ஹாலந்து நாட்டின் பெரிய விஞ்ஞானி. சனிக் கிரகத்தைச் சுற்றி வளையம் இருக்கிறது என்று சொன்னவர். 1659-ம் ஆண்டு அவர் ஒரு விளக்குப் பெட்டிக்காகச் சில படங்கள் வரைந்தார். என்ன படம் தெரியுமா? தன் தலையைத் தானே கழற்றும் எலும்புக்கூடு!

பிறகு அவருக்கே வெட்கமாகிவிட்டது. "நம்மைப் போன்ற விஞ்ஞானிக்கு இது அழகா?" என்று நினைத்தார் போலும். 1662-ல் அவருடைய தகப்பனார், பிரெஞ்சு மன்னரின் அரண்மனையில் காட்டுவதற்கு அந்த விளக்கைக் கேட்டார். அப்பா கேட்டால் மறுக்க முடியுமா? விளக்கை அனுப்பினாலும் அது வேலை செய்யாதபடி லென்ஸ் ஒன்றை எடுத்துவிடச் சொல்லித் தம் சகோதரருக்கு ரகசியமாகக் கடிதம் எழுதினார்!

பாரிஸ் நகரில் பீதி

ஹைஜன்ஸ் வெட்கப்பட்டதை வைத்துப் பிழைத்தவர் ராபர்ட்சன். இவர் இன்றைய பெல்ஜியத்தில் உள்ள லியேஜ் நகரத்துக்காரர். 1798-ல் பாரிஸ் நகரில் பேய்க் காட்சி தொடங்கினார். மறு ஆண்டு, துறவிகள் விட்டுச் சென்ற ஒரு பழைய மடத்துக்குக் காட்சியை மாற்றினார். பாழடைந்த மடம், இருட்டு, இடி முழக்கம்! கேட்க வேண்டுமா?

அவர் விளக்கைத் திரைக்குப் பின்னால் வைத்தார். அதற்குச் சக்கரமும் பூட்டினார். விளக்கைத் திரையிலிருந்து பின்னுக்கு இழுத்தால் பேய் பெரிதாகும். முன்னால் இருப்பவர்களுக்கு அது தங்கள் மேல் பாய்ந்து வருவது போலத் தோன்றும். படம் எழுதிய கண்ணாடியில் பேயைச் சுற்றிக் கறுப்பு மையும் பூசியிருந்தார். இன்றைக்கு அமெரிக்க வீடுகளில் நடக்கும் அதே சூட்சுமம்!

பிரெஞ்சுப் புரட்சி நடந்து முடிந்த சமயம் அது. ஆயிரக்கணக்கானவர்களின் தலை வெட்டப்பட்டிருந்தது. காட்சிக்கு வந்தவர்களில் பெற்றோரையோ பிள்ளையையோ பறிகொடுத்தவர்கள் இருந்திருப்பார்கள். இறந்தவர் உருவம் எழும்பி வந்தால் அவர்கள் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! "நான் மந்திரவாதி அல்ல" என்று ராபர்ட்சன் முன்கூட்டியே சொல்லிவிடுவார். சொன்னாலும் அலறினார்கள். இதையே சொல்லாமல் மறைத்து, "ஆவியை வரவழைக்கிறேன்" என்று காசு பறிக்க ஓர் ஆள் நினைத்திருந்தால் எத்தனை பேர் ஏமாந்திருப்பார்கள்!

திருச்சியில் கைமாறிய கருவி

பாரிஸ் எங்கே, அரியலூர் எங்கே என்று எண்ண வேண்டாம். பிரான்சு நாட்டிலிருந்து ஒரு படம் காட்டும் கருவி திருச்சிவரை வந்தே இருக்கிறது.

1905-ம் ஆண்டு. கோயம்புத்தூரைச் சேர்ந்த சாமிக்கண்ணு வின்சென்ட் என்பவர் திருச்சியில் ரயில்வேயில் வரைபடம் வரையும் வேலையில் இருந்தார். டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் ஊர் ஊராகச் சலனப் படம் காட்டிக்கொண்டு திருச்சிக்கு வந்தார். வந்த இடத்தில் உடம்புக்கு முடியாமல் போயிற்று. அவருடைய கருவியையும் படங்களையும் வின்சென்ட் விலைக்கு வாங்கினார். ரயில்வே வேலையை விட்டார். கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டினார். 1914-ல் கோவையில் "வெரைட்டி ஹால்" என்ற தியேட்டரையும் கட்டினார். மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு வெளிச்சத்தை நம்பிப் போன துணிச்சலை என்னவென்று சொல்வது!

அன்றைக்கு அரியலூரும் திருச்சி மாவட்டத்தில்தான் இருந்தது.

அரியலூரில் செய்து பார்த்தால்?

அக்டோபர் 31-ந் தேதி அரியலூரில் மாலை 6 மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். ஆறரைக்கெல்லாம் நல்ல இருட்டு. அதற்குக் குறைவில்லை.

சுவருக்கும் குறைவில்லை. வெள்ளையடித்த சுவர்தான் நல்ல திரை. அரியலூரோ சுண்ணாம்புக் கல்லுக்கும் சிமெண்டுக்கும் பெயர் பெற்ற சீமை. ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இங்கே கடல் இருந்தது. கல்லங்குறிச்சிப் பக்கத்துச் சுண்ணாம்புக் கல்லில் அந்தக் காலத்துச் சிப்பிகளை இன்றும் பார்க்கலாம். அந்தக் கல்லை அரைத்துச் செய்த சிமெண்டு பூசிய சுவரில் பேய்ப் படம் காட்டினால், செத்துப்போன சிப்பிகளின் மேலேயே பேய் ஆடுகிறது என்று அர்த்தம்!

பிறகு என்னதான் தடை? மழை! அக்டோபர் கடைசி என்றால் வடகிழக்குப் பருவமழை. மின்சாரம் ஓடும் கருவியைத் தெருவில் வைத்து நனையவிட்டால் பேய் வராது, ஆபத்துதான் வரும். பாலிதீன் உறையால் இறுக மூடினாலோ சூடேறிக் கருவி கெட்டுப்போகும்.

இதற்கு வழி நம் ஊரிலேயே இருக்கிறது. தோல்பாவைக் கூத்துக்காரர்கள் எப்படிச் செய்தார்கள்? முன்னால் வெள்ளைத் துணி கட்டி, பின்னால் விளக்கு வைத்து, நடுவில் சாயம் ஏற்றிய தோல் பொம்மையை ஆட்டினார்கள். பத்துத் தலை ராவணன் துணியில் எழுந்து நின்றான்! ராபர்ட்சனும் திரைக்குப் பின்னால்தானே நின்றார்? அதே போலப் புரொஜெக்டரை வீட்டுக்குள் வைக்க வேண்டும். மழையும் படாது. யாரும் இடறவும் மாட்டார்கள்.

ஜன்னலில் பழைய மல்வேட்டி ஒன்றைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டினால் போதும். ஜன்னல் 4 அடி அகலம் என்றால், சாதாரணப் புரொஜெக்டரை அதிலிருந்து சுமார் 6 அடி தள்ளி வைக்க வேண்டும். அகலம் கூடக் கூட தூரமும் கூடும். ஆனால் தூரத்தை இரட்டிப்பாக்கினால் வெளிச்சம் பாதியாகாது, கால்வாசியாகிவிடும்! வெளிச்சத்தை அளக்கும் கணக்குக்கு "லூமென்" என்று பெயர். மலிவான கருவிகளின் பெட்டியில் அச்சடித்திருக்கும் எண்ணை அப்படியே நம்பக்கூடாது. "ஆன்சி லூமென்" என்று போட்டிருந்தால் நம்பிக்கைக்கு இடம் உண்டு.

கருவியைத் தரையில் வைத்துச் சற்றே மேல் நோக்கித் திருப்ப வேண்டும். நேராக வைத்தால் துணியின் நடுவே விளக்கு பளிச்சென்று குத்தும், குட்டு வெளிப்பட்டுவிடும். பின்னாலிருந்து வீசுவதால் படம் இடம் வலமாக மாறும். அதைத் திருப்புவதற்குக் கருவியிலேயே வசதி உண்டு. அறை விளக்கை அணைக்க வேண்டும். லென்சுக்குள் யாரும் உற்றுப் பார்க்கக்கூடாது.

இன்னொன்று. தெருவில் உள்ளவர்களிடம் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். ராத்திரி வேலை முடித்துச் சைக்கிளில் வருகிறவர், இருதயம் பலவீனமான பெரியவர், கைக்குழந்தைக்காரி—இவர்களெல்லாம் அந்த வழியாகத்தான் வருவார்கள். சொல்லாமல் பயமுறுத்துவது விளையாட்டு அல்ல, வம்பு.

ஆறரை மணி. தெருப் பிள்ளைகள் வாசலில் கூடியாயிற்று. விளக்கு அணைகிறது. ஜன்னலில் எலும்புக்கூடு வருகிறது. அலறல்! அந்தச் சமயம் பார்த்து, உள்ளே இருக்கும் வாண்டு ஒன்று லென்சுக்கு முன்னால் கையை நீட்டுகிறது. ஜன்னல் முழுவதும் ஐந்து ராட்சத விரல்கள்! எலும்புக்கூட்டின் தலையைக் காணோம்!

வெளியே ஒரு கணம் நிசப்தம். பிறகு எல்லாப் பிள்ளைகளும் ஒரே ஓட்டம், உள்ளே! "நான் வைக்கிறேன், நான் வைக்கிறேன்" என்று லென்சுக்கு முன்னால் அடிதடி.

திண்ணையிலிருந்து பாட்டியும் எழுந்து வருகிறார். "தள்ளுங்கடா, நானும் ஒரு தடவை கை வைத்துப் பார்க்கிறேன்!"