ஐரோப்பிய ஒன்றியத்தில் பிரித்தானியரின் வதிவிட அனுமதிப் புள்ளிவிவரங்கள்

ஐரோப்பிய ஒன்றியத்தில் பிரித்தானியரின் வதிவிட அனுமதிப் புள்ளிவிவரங்கள் என்பவை, ஒன்றிய நாடுகளில் வாழும் ஐக்கிய இராச்சியக் குடிமக்களுக்கு அந்நாடுகளின் அரசுகள் வழங்கிய வதிவிட ஆவணங்களின் எண்ணிக்கையைத் தரும் அரசுத் தரவுகள் ஆகும். ஐக்கிய இராச்சியம் 2020 ஜனவரி 31 அன்று ஒன்றியத்திலிருந்து விலகியதைத் தொடர்ந்து இவை முக்கியத்துவம் பெற்றன. இத்தரவுகள் எண்ணுவது ஆவணங்களையே; நாட்டில் வாழும் ஆட்களை அன்று.

பின்னணி

ஒன்றியக் குடிமக்கள் எந்த உறுப்பு நாட்டிலும் வாழவும் பணிபுரியவும் உரிமை உடையவர்கள். ஆகவே 2020 இறுதி வரை பிரித்தானியருக்கு வதிவிட அனுமதி தேவைப்படவில்லை. அயர்லாந்து நீங்கலாகப் பிற ஒன்றிய நாடுகளில் 2017 தொடக்கத்தில் ஏறத்தாழ 7,85,000 பிரித்தானியர் வாழ்ந்தனர் என ஐக்கிய இராச்சியத்தின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் மதிப்பிட்டது. இம்மதிப்பீடும் பிற நாடுகளின் கணக்கெடுப்புகளையே சார்ந்திருந்தது.

இடைமாற்றக் காலம் 2020 டிசம்பர் 31 அன்று முடிவடைந்தது. அதற்கு முன் குடியேறியவர்களின் உரிமைகளை விலகல் உடன்படிக்கை பாதுகாக்கிறது.

இரு முறைகள்

உடன்படிக்கையின் 18ஆம் உறுப்பு, உறுப்பு நாடுகள் இரண்டில் ஒரு முறையைத் தேர்ந்தெடுக்க இடமளித்தது.

* விண்ணப்ப முறை: பிரான்சு, நெதர்லாந்து, பெல்ஜியம், ஸ்வீடன், டென்மார்க், ஆஸ்திரியா உள்ளிட்ட 13 நாடுகள் இதைப் பின்பற்றின. இங்கு குறித்த நாளுக்குள் விண்ணப்பித்தாலே உரிமை தொடரும்.
* அறிவிப்பு முறை: ஸ்பெயின், ஜெர்மனி, இத்தாலி, போர்த்துகல் முதலிய நாடுகள் பின்பற்றின. இங்கு உரிமை சட்டத்தால் தானாகவே கிடைக்கிறது. அட்டை அதற்கான சான்று மட்டுமே.

எனவே முதல் வகை நாட்டில் அட்டை இல்லாதவர் உரிமையையே இழக்கக்கூடும். இரண்டாம் வகை நாட்டில் அவரிடம் சான்று மட்டுமே இல்லை.

தரவு மூலங்கள்

ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளியியல் அலுவலகமான யூரோஸ்டாட், 862/2007 எண்ணுடைய ஒழுங்குவிதியின்படி, ஒன்றியக் குடியுரிமை இல்லாதவர்களின் வதிவிட அனுமதிகளைத் தொகுக்கிறது. ஓர் ஆண்டில் வழங்கப்பட்ட முதல் அனுமதிகளும், டிசம்பர் 31 அன்று செல்லுபடியாகும் அனுமதிகளும் தனித்தனியே தரப்படுகின்றன. ஒன்றியக் குடிமக்களாக இருந்தவரை பிரித்தானியர் இதில் இடம்பெறவில்லை. எனவே அட்டவணையில் அவர்களின் எண்ணிக்கை திடீரெனத் தோன்றுவது, புதிதாகப் பலர் குடியேறினர் எனப் பொருள்படாது.

புரிந்துகொள்வதில் உள்ள சிக்கல்கள்

1. பதிவேடுகளின் வேறுபாடு: ஸ்பெயினில் 2021இல் நகராட்சி மக்கள் பதிவேட்டில் ஏறத்தாழ 2.8 இலட்சம் பிரித்தானியர் இருந்தனர். வதிவிட ஆவணம் பெற்றவர்களோ சுமார் 4 இலட்சம். பழைய பச்சை நிறப் பதிவுச் சான்றிதழுக்குக் காலாவதி நாள் இல்லை. ஆகவே நாட்டை விட்டுச் சென்றவர்களின் ஆவணங்களும் கணக்கில் தங்கிவிடக்கூடும். மறுபுறம், நகராட்சியில் பதியாமல் வாழ்வோரும் உண்டு.

2. குடியுரிமை மாற்றம்: ஜெர்மனியில் 2015இல் 622 பிரித்தானியர் மட்டுமே குடியுரிமை பெற்றனர், 2019இல் சுமார் 14,600 பேர் பெற்றனர். இவர்களுக்கு அனுமதி தேவையில்லாததால், அங்கேயே வாழ்ந்தும் இத்தரவில் தோன்றமாட்டார்கள். அயர்லாந்துக் கடவுச்சீட்டு உடையோருக்கும் இது பொருந்தும்.

3. மதிப்பீட்டின் பிழை: ஐக்கிய இராச்சியத்தில் ஒன்றியக் குடிமக்களுக்கான இதையொத்த திட்டத்திற்கு 35 முதல் 41 இலட்சம் பேர் தகுதியுடையோர் என மதிப்பிடப்பட்டது. 2021 ஜூன் 30க்குள் வந்த விண்ணப்பங்களோ 60 இலட்சத்தைத் தாண்டின. ஒருவரே மீண்டும் விண்ணப்பித்ததும் இதில் அடங்கும். மொத்த எண்ணிக்கை தெரியாதபோது, விடுபட்டவர் எத்தனை பேர் என்பதைக் கழித்தல் மூலம் கண்டறிய இயலாது.

விளைவுகள்

விண்ணப்ப முறை நாடுகளில் இப்பிழைகள் தனிமனிதரைப் பாதிக்கின்றன. டென்மார்க்கில் அரசின் அறிவிப்பு மடல் தகுதியுடைய அனைவருக்கும் அனுப்பப்படவில்லை. இதனால் சிலர் 2021 இறுதி என்ற கெடுவைத் தவறவிட்டு, நாட்டை விட்டு வெளியேற வேண்டிய நிலைக்கு உள்ளாயினர். பின்னர் கெடு 2023 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. வழங்கப்பட்ட அட்டைகளை மட்டும் எண்ணும் அட்டவணையில் இத்தகையோர் இடம்பெறுவதில்லை.

இவற்றையும் பார்க்கவும்

* ஐரோப்பிய ஒன்றியம்
* யூரோஸ்டாட்
* குடியுரிமை
* மக்கள்தொகைக் கணக்கெடுப்பு