முகாமுக்குள் இருப்பவருக்கு யார் வக்கீல்?

அமெரிக்காவில் பெருங்குற்ற வழக்கில் சிக்கிய ஏழைக்கு அரசே வக்கீல் வைத்துத் தர வேண்டும். 1963-ல் உச்ச நீதிமன்றம் கிடியன் வழக்கில் நிலைநாட்டிய உரிமை அது. உயிருக்குப் பயந்து ஓடிவந்து தஞ்சம் கேட்பவருக்கோ அந்த உரிமை இல்லை. நாடுகடத்தல் வழக்கைச் சிவில் வழக்காகவே சட்டம் பார்க்கிறது. வக்கீல் வைத்துக்கொள்ளலாம், அரசுக்குச் செலவு வைக்கக் கூடாது. எதிர்த்தரப்பிலோ அரசு வக்கீல் நிற்பார்.

தடுப்பு முகாமில் இருப்பவர் பாடு இன்னும் கொடுமை. ஜார்ஜியா மாநிலத்தின் லம்ப்கின் போல, பெருநகரங்களுக்கு வெகுதொலைவில் உள்ள சிற்றூர்களில் முகாம்கள் இருக்கின்றன. 2007 முதல் 2012 வரையிலான 12 லட்சத்துக்கும் மேற்பட்ட வழக்குகளை இன்கிரிட் ஈக்லி, ஸ்டீவன் ஷேஃபர் ஆகியோர் ஆராய்ந்தார்கள். காவலில் இருந்தோரில் 14 சதவீதத்தினருக்கே வக்கீல் கிடைத்தது என்று 2015-ல் எழுதினார்கள்.

தோற்றவர், வர்ஜீனியாவின் ஃபால்ஸ் சர்ச்சில் உள்ள குடிவரவு மேல்முறையீட்டு வாரியத்தை நாடலாம். அங்கே நேரில் வாதாடுவது அபூர்வம். கீழ்நீதிபதி சட்டத்தில் எங்கே பிசகினார், எந்த ஆதாரத்தைக் கவனிக்காமல் விட்டார் என்று ஆங்கிலத்தில் எழுத்துபூர்வ வாதம் தாக்கல் செய்ய வேண்டும், அதுவும் குறுகிய கெடுவுக்குள். குவாதமாலாவின் மாம் மொழி மட்டும் அறிந்தவர் முகாமுக்குள் இருந்துகொண்டு இதை எப்படி எழுதுவார்?

எல்லாம் காகிதத்தில் நடப்பதால், வக்கீல் முகாமுக்குப் பக்கத்தில் இருக்கத் தேவையில்லை. அதைப் பயன்படுத்திக்கொண்டு 2001-ல் வாரியத்தின் இலவச வக்கீல் திட்டம் பிறந்தது. கிளினிக் என்ற கத்தோலிக்கச் சட்ட உதவி அமைப்பு இதில் கைகோத்தது. வக்கீல் இல்லாத கைதிகளின் வழக்குக் கட்டுகளைத் தன்னார்வலர்கள் படித்து, வாதாட இடமுள்ளவற்றைத் தேர்ந்தெடுத்தார்கள். பெயரை மறைத்துச் சுருக்கம் எழுதி, நாடெங்கும் உள்ள வக்கீல்களுக்கு அனுப்பினார்கள். பேராசிரியர்களின் மேற்பார்வையில் சட்டக் கல்லூரி மாணவர்களும் வாதங்கள் எழுதினார்கள்.

இப்படி வக்கீல் கிடைத்தவர்கள், கிடைக்காதவர்களைவிட மூன்று நான்கு மடங்கு அதிகமாகச் சாதகமான முடிவு பெற்றதாக 2004-ல் வந்த அரசின் மதிப்பீடு சொன்னது. இவை தேர்ந்தெடுத்த வழக்குகள் என்பது உண்மைதான். ஆனால், எழுத ஆள் இல்லாதிருந்தால் அந்த நல்ல வழக்குகளும் தோற்றிருக்கும்.

தன்னார்வலர்களின் உழைப்பு வணக்கத்துக்குரியது. அதற்காக, முன்பின் அறியாத ஒரு வக்கீலுக்கு நேரம் வாய்த்தால்தான் ஒருவருக்கு நீதி என்ற நிலையை ஏற்க முடியாது. காவலில் உள்ள ஏழைகளுக்கு அரசுச் செலவில் வக்கீல் தர முடியும் என்பதை 2013-லேயே நியூயார்க் நகரம் தொடங்கிக் காட்டியது. ஒருவரைப் பிடித்து அடைத்துவைக்கும் அரசு, அவருக்காகப் பேச ஒரு வக்கீலையும் தந்தாக வேண்டும்.