சொற்பொருளும் கைப்பொருளும்

முன்னுரை

'பொருள்' என்னும் சொல் தமிழில் ஒரு சொல்லின் கருத்தையும் குறிக்கும், செல்வத்தையும் குறிக்கும். சொல்லின் பொருளை அறியாதவர் கைப்பொருளையும் இழக்க நேரும் என்பதனை அண்மையில் நேரிற் கண்டேன். திருமழிசைத் தொழிற்பேட்டையில் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர் ஒருநாள் மாலை இல்லத்திற்கு வந்தார். கைப்பேசியில் ஒரு செயலியைத் திறந்து காட்டி, "ஐயா, ஐம்பதாயிரம் போட்டேன். 'வாலட்'டில் இப்போது இரண்டு இலட்சம் இருப்பதாகக் காட்டுகிறது. எடுக்கப் போனால், முதலில் முப்பதாயிரம் வரி கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?" என்று வினவினார்.

நான் பொருளியல் பயின்றவன் அல்லன். ஆயினும் அவருடைய இடர்ப்பாடு பொருளியலில் தொடங்கவில்லை, சொல்லில் தொடங்கியது. பல பொருள் குறித்த ஒரு சொல்லை அதன் வினை, இனம், சார்பு ஆகியவற்றைக் கொண்டு தெளிய வேண்டும் என்பது தொல்காப்பியம் காட்டும் நெறி. மா பூத்தது என்றால் மரம். மா ஓடிற்று என்றால் விலங்கு. கிரிப்டோ நாணயத் துறையில் வழங்கும் சொற்கள் பலவும் பழைய வீடுகளிலிருந்து இரவல் பெற்றவை. ஆகவே அவற்றையும் இந்நெறி கொண்டே அணுகுவோம். இதில் முதலிடலாமா, கூடாதா என்பது இக்கட்டுரையின் பொருளன்று. முதலிட எண்ணுவோர் முன்னதாக அறிய வேண்டிய சொற்களே ஈண்டு விளக்கப்படுகின்றன.

பேரேடும் தொகுதிச் சங்கிலியும்

'கிரிப்டோ' என்பது மறைந்தது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. மறைகுறிக் கணிதத்தால் காக்கப்படும் நாணயம் என்பது இதன் கருத்து. இவற்றுள் முதன்மையானது பிட்காயின். சதோஷி நகமோட்டோ என்னும் புனைபெயரில் 2008 அக்டோபரில் இதன் திட்டவரைவு வெளியாயிற்று. 2009 சனவரி 3ஆம் நாள் முதல் தொகுதி உருவாயிற்று.

கொரோனாப் பெருந்தொற்றின்போது, 2020 மே மாதத்தில், கோயம்பேடு காய்கறிச் சந்தை தற்காலிகமாக நம் திருமழிசைக்கு மாற்றப்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மொத்த வணிகர் ஒருவரிடம் ஒரு கணக்குப் புத்தகம் இருக்கும். அதில் எழுதியதே கணக்கு. அதற்கு மாறாக, சந்தையிலுள்ள ஒவ்வொருவர் கையிலும் ஒரே பேரேட்டின் படி ஒன்று இருப்பதாகக் கொள்வோம். ஒருவர் தம் படியில் ஓர் எண்ணைத் திருத்தினால் ஏனைய படிகள் அதனைக் காட்டிக்கொடுக்கும். இப்பொதுப் பேரேடே 'பிளாக்செயின்' எனப்படும் தொகுதிச் சங்கிலி. பிட்காயினில் ஏறத்தாழப் பத்து நிமிடத்திற்கு ஒரு தொகுதி சேர்கிறது. ஒவ்வொரு தொகுதியும் முந்தைய தொகுதியிலிருந்து கணிக்கப்பட்ட ஓர் அடையாளக் குறியைத் தாங்கியிருப்பதால், இடையில் ஒன்றை மாற்றினால் சங்கிலியே அறுந்துபோகும்.

ஆயின் ஒன்றை மறத்தல் ஆகாது. இப்பேரேடு எழுதியதை அழிய விடாது. எழுதச் சொன்னவர் ஏமாற்றப்பட்டவரா என்று ஆராயாது. தவறான முகவரிக்கு அனுப்பியதைத் திருப்பித் தரும் மேலாளரும் அங்கு இல்லை.

சுரங்கம்

'மைனிங்' என்பதைச் சுரங்கம் தோண்டுதல் என்கிறோம். இங்கே மண்ணும் இல்லை, தாதும் இல்லை. ஆற்றல்மிக்க கணினிகள் கடினமான கணக்கு ஒன்றிற்கு விடை தேடிப் போட்டியிடுகின்றன. வென்றவர் அடுத்த தொகுதியைப் பேரேட்டில் சேர்த்துப் புதிய நாணயங்களைப் பரிசாகப் பெறுகிறார். தொடக்கத்தில் இப்பரிசு 50 பிட்காயின். ஏறத்தாழ நான்காண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்து 2024 ஏப்ரலில் 3.125 ஆயிற்று. மொத்த எண்ணிக்கை 2 கோடியே 10 இலட்சத்தைத் தாண்டாது என்பது விதி. இதற்குப் பெரும் மின்செலவு ஆகும். எனவே கைப்பேசியில் நாள்தோறும் ஒரு பொத்தானை அழுத்தினாலே பிட்காயின் சுரக்கும் என்பாரை நம்புதல் தகாது.

பணப்பை

'வாலட்' என்றால் பணப்பை. நம் சட்டைப்பையில் உள்ள பணப்பையில் பணம் இருக்கும். இந்தப் பணப்பையிலோ பணம் இல்லை. திறவுகோல் மட்டுமே உண்டு. நாணயம் பற்றிய பதிவு பொதுப் பேரேட்டில் இருக்கிறது. அதனை அசைக்கும் உரிமையைத் தருவது தனித் திறவுகோல். அத்திறவுகோலை மீட்டெடுக்கப் பெரும்பாலும் 12 அல்லது 24 சொற்கள் கொண்ட தொடர் ஒன்று வழங்கப்படும். அதனை இழந்தால் நாணயத்தை இழந்தவராவோம். அதனைப் பிறரிடம் சொன்னால் நாணயத்தையே கொடுத்தவராவோம்.

பரிமாற்றகமும் அமானிதமும்

தொடக்க நிலை முதலீட்டாளர் பெரும்பாலும் 'எக்ஸ்சேஞ்ச்' எனப்படும் பரிமாற்றக நிறுவனத்தின் வழியே வாங்குகிறார். அங்கே திறவுகோல் அந்நிறுவனத்திடம் இருக்கும். நம்மிடம் இருப்பது கணக்கு மட்டுமே. நம் சமுதாயப் பெரியோர் 'அமானிதம்' என்று வழங்கும் சொல் இவ்விடத்தில் பொருந்தும். பிறர் உடைமையை நம்பிக்கையின் பேரில் காத்து, கேட்டபோது ஒப்படைக்க வேண்டிய பொறுப்பு அது.

இது வெறும் ஒப்புமையன்று. நீதிமன்றம் வரை சென்ற செய்தி. 2024 சூலையில் வசீர்எக்ஸ் என்னும் இந்தியப் பரிமாற்றகத்திலிருந்து ஏறத்தாழ 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் திருடப்பட்டன. கணக்குகள் முடக்கப்பட்டன. திருட்டுப்போன வகையைச் சேராத நாணயங்களை வைத்திருந்த முதலீட்டாளர் ஒருவர் தம் உடைமையைக் காக்கச் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடினார். 2025 அக்டோபரில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தம் தீர்ப்பில், கிரிப்டோ நாணயம் தொட்டறியத்தக்க பொருளும் அன்று, செலாவணியும் அன்று; ஆயினும் உடைமையாகக் கொள்ளவும் நம்பிக்கைப் பொறுப்பில் வைக்கவும் தக்க சொத்தே என்று கூறி, அம்முதலீட்டாளருக்கு இடைக்காலப் பாதுகாப்பு அளித்தார். 'நாணயம்' என்று நாம் வழங்குவது நாணயம் அன்று என்பதும், எனினும் அது உடைமையே என்பதும் இத்தீர்ப்பால் ஒருங்கே விளங்குகின்றன.

நிலைநாணயமும் எண்ம ரூபாயும்

'ஸ்டேபிள்காயின்' என்பதை நிலைநாணயம் எனலாம். ஒரு டாலருக்கு ஒன்று என்பதுபோல மதிப்பு மாறாதிருக்க முயல்வது அது. முயல்வது வேறு, மாறாதிருப்பது வேறு. டெராயுஎஸ்டி என்னும் நிலைநாணயம் 2022 மே மாதத்தில் சில நாள்களுக்குள் தன் நிலையிழந்து வீழ்ந்தது. பெயரில் உள்ள நிலைபேறு பொருளில் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை.

2022ஆம் ஆண்டின் இறுதியில் இந்திய ரிசர்வ் வங்கி வெள்ளோட்டமாக வெளியிட்ட எண்ம ரூபாய் வேறு இனம். அது நம் ரூபாயின் மற்றொரு வடிவம். அதற்கு ரிசர்வ் வங்கி பொறுப்பு. பிட்காயினுக்கு அவ்வாறு பொறுப்பேற்பார் எவரும் இலர்.

சட்டம் வழங்கும் சொல்

ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் வங்கிகள் இத்துறைக்குச் சேவை செய்யக் கூடாதென ஆணையிட்டது. அதனை உச்சநீதிமன்றம் 2020 மார்ச் 4ஆம் நாள் நீக்கியது. தடை நீங்கியதை அரசின் ஒப்புதல் என்று பலர் பிழைபடக் கொண்டனர். 2022ஆம் ஆண்டு நிதிச் சட்டம் இவற்றை 'மெய்நிகர் எண்மச் சொத்து' என்றே பெயரிட்டது. செலாவணி என்று சொல்லவில்லை. இவற்றை விற்றுப் பெறும் ஆதாயத்திற்கு 30 விழுக்காடு வருமான வரியும் அதன்மேல் தீர்வையும் விதிக்கப்பட்டன. மாற்றும்போது 1 விழுக்காடு முன்பிடித்தமும் உண்டு. ஒன்றில் நேர்ந்த நட்டத்தை மற்றொன்றின் ஆதாயத்தில் கழிக்க இயலாது. வரி விதிக்கப்பட்டதனாலேயே ஒன்று பாதுகாப்பானதாகிவிடாது என்பதையும் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

முடிவுரை

இனி என் மாணவரின் வினாவிற்கு வருவோம். 'வரி' என்னும் சொல்லையே நாங்கள் இருவரும் எடுத்துக்கொண்டோம். வரி யாருக்குச் செலுத்தப்படுவது? அரசுக்கு. எதன்மீது? கிடைத்த ஆதாயத்தின்மீது. நம் பணத்தை நமக்குத் தருவதற்காக, முகமறியாத ஒருவர் தம் கணக்கில் கட்டச் சொல்வது வரியாகுமா? வினையும் பொருந்தவில்லை, சார்பும் பொருந்தவில்லை. திரையில் தோன்றிய இரண்டு இலட்சம் எந்தப் பேரேட்டிலும் இல்லாத வெற்றெண் என்பது அவருக்குப் புலனாயிற்று. அன்றே 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணை அழைத்து முறையிட்டார். போட்ட ஐம்பதாயிரம் இதுவரை திரும்பவில்லை. ஆனால் மனைவியின் நகையை அடகு வைத்துக் கட்டவிருந்த முப்பதாயிரம் தப்பியது.

தமிழில் 'நாணயம்' என்பது காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். காசில் இரண்டாவது பொருள் தானாக அமைந்துவிடுவதில்லை. அதனை மனிதரிடத்தே தேட வேண்டும். மாணவச் செல்வங்களே, புதிய சொல் ஒன்று உங்கள் பணத்தைக் கேட்டு வரும்போது, முதலில் அதன் பொருளைக் கேளுங்கள். பொருள் சொல்லத் தயங்குபவரிடம் கைப்பொருளைக் கொடாதீர்கள்.