முதல் தூறலுக்கே கரண்ட் போவது ஏன்?

கோடை முழுக்கக் காய்ந்த ஊரில் ஒரு சாயங்காலம் வானம் கறுத்து நாலு தூறல் விழும். உடனே தெரு இருண்டுவிடும். அதே ஊரில் ஐப்பசி அடைமழை நாள் முழுக்கக் கொட்டினாலும் பல நேரம் விளக்கு அணைவதில்லை. கொட்டும் மழையைத் தாங்குகிற லைன் தூறலுக்குத் தாங்காதா? விடை கம்பத்தின் உச்சியில் இருக்கும் பீங்கானில் இருக்கிறது.

துணைமின் நிலையத்திலிருந்து தெரு டிரான்ஸ்பார்மர் வரை மின்சாரம் பெரும்பாலும் 11,000 வோல்ட்டில் வருகிறது. அந்தக் கம்பிக்குப் பெரும்பாலும் உறை கிடையாது. சுற்றியிருக்கும் காற்றும், கம்பி கம்பத்தைத் தொடாமல் தாங்கிநிற்கும் பீங்கான் இன்சுலேட்டருமே அதற்குக் காப்பு. மழையில்லாத மாதங்களில் சாலைப் புழுதியும் ஆலைப் புகையும் அதன்மேல் படிகின்றன. தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் உப்பும் சேரும். காய்ந்திருக்கும்வரை இந்தப் படிவால் தொல்லை இல்லை. தூறல் பட்டதும் படிவில் உள்ள உப்பு கரைந்து, மின்சாரம் கடத்தும் மெல்லிய ஈரப்படலமாகிறது. அதன் வழியே கொஞ்சம் மின்சாரம் கசியும். அந்தச் சூட்டில் படலம் அங்கங்கே காயும். காய்ந்த இடங்களைத் தாண்டிப் பொறி பறக்கும். பொறிகள் ஒன்று சேர்ந்தால் கம்பிக்கும் கம்பத்துக்கும் நடுவே நெருப்புப் பாலம்தான். பெருமழை அந்த அழுக்கையே கழுவி விடுகிறது. இன்சுலேட்டர் குடை குடையாக இருப்பதும் இதற்காகத்தான்: மேல்பக்கம் நனைந்தாலும் அடிப்பக்கம் காய்ந்திருக்க வேண்டும்.

பொறி பாலமானதும் பெருமின்னோட்டம் தரைக்குப் பாயும். துணைமின் நிலையத்து ரிலே அதை உணர்ந்து, ஒரு நொடிக்குள் பிரேக்கரைத் திறந்து மின்சாரத்தைத் துண்டித்துவிடும். நாம் ‘கரண்ட் போச்சு’ என்பது பெரும்பாலும் இந்தக் காவல் தன் வேலையைச் செய்த நேரம். மரக்கிளை உரசியதாலோ அணில் குறுக்கே ஓடியதாலோ வந்த பழுது பெரும்பாலும் தானே விலகிவிடும். அதனால்தான் மறுபடி இணைத்துப் பார்க்கிறார்கள். சில நொடியில் வெளிச்சம் திரும்புவது அப்படித்தான்.

திரும்பாவிட்டால்தான் லைன்மேனின் பாடு தொடங்குகிறது. இன்சுலேட்டரில் மயிரிழை விரிசல் இருந்தால் கீழிருந்து கண்ணுக்குத் தெரியாது. லைனை நடுவில் இருக்கும் சுவிட்சில் பிரித்து, முதல் பாதிக்கு மின்சாரம் கொடுப்பார்கள். அது அணையாமல் நின்றால் பழுது அடுத்த பாதியில். இப்படித் துண்டு துண்டாகச் சுருக்கி, மழையில் டார்ச் அடித்து, வயலும் வாய்க்காலும் தாண்டி நடக்க வேண்டும். தாமதத்துக்கு அலட்சியம்தான் காரணம் என்று அவர்மேல் எரிந்துவிழுவது பெரும் அநியாயம்.

மே மாத நள்ளிரவில் போகும் கரண்ட் வேறு ரகம். தெரு முழுக்க ஏசி ஓடும்போது டிரான்ஸ்பார்மரின் சுமை ஏறி ஃப்யூஸ் போகிறது. உள்ளே எண்ணெயில் ஊறிய காகிதக் காப்புக்கும் சூடு ஆகாது. அதன் வேலைச்சூடு அளவுக்கு மேல் ஏறும் ஒவ்வொரு 6 டிகிரிக்கும் அது முதுமையடையும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். இதற்குக் கூடுதல் டிரான்ஸ்பார்மர்தான் மருந்து. தூறல் பழுதுக்கோ பராமரிப்பு போதும். செய்தித்தாளில் ‘காலை 9 மணி முதல் மின்தடை’ என்று அறிவிப்பு வரும் நாளில்தான் விரிசல் விட்ட பீங்கானை மாற்றி, கிளைகளை வெட்டுகிறார்கள். வாசலில் வளர்த்த வேம்பை வெட்ட விடமாட்டேன் என்று தகராறு செய்தால் அந்தக் கிளையே ஆடி மாதக் காற்றில் லைனைத் தட்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அறுந்து தரையில் கிடக்கும் கம்பி அமைதியாக இருந்தாலும் நெருங்கக் கூடாது. காய்ந்த மண்ணில் விழுந்த கம்பி வழியே பாயும் மின்னோட்டம் குறைவாக இருந்தால் ரிலே உணராமல் போகலாம். கம்பியில் உயிர் இருக்கும். வீட்டில் ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் அதைச் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வழியாகவே இணைக்க வேண்டும். நேரே இணைத்தால் அந்த மின்சாரம் தெருக் கம்பிக்குப் போய், டிரான்ஸ்பார்மரில் தலைகீழாக ஏறி 11,000 வோல்ட்டாகும். லைன் அணைந்திருக்கிறது என்று நம்பி கம்பத்தில் ஏறியவரின் கை அப்போது அதன்மேல் இருக்கும்.